பவளம் பார்க்கக் கப்பல் ஏறலாமா?

வணக்கம் சார்,

தூத்துக்குடியில் கடல் உயிரியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். மாணவராக இருந்தபோது பசிபிக்கில் பாய்மரக் கப்பலில் ஆறு வாரம் போனதாக எழுதியிருந்தீர்கள். படித்த நாளிலிருந்து எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. பவளப்பாறைகளில்தான் ஆராய்ச்சி செய்ய நினைக்கிறேன். ஆனால் செலவைக் கேட்டு அப்பா யோசிக்கிறார். அதோடு எனக்குச் சின்னப் படகில் ஏறினாலே வாந்தி வரும். கப்பலில் போனால் பவளத்தைப் பற்றி நிறையக் கற்க முடியுமா? உண்மையைச் சொல்லுங்கள்.

எஸ்., தூத்துக்குடி

அன்புள்ள எஸ்.,

உண்மையைக் கேட்டுவிட்டீர்கள். அந்த ஆறு வாரத்தில் நான் பவளத்தைப் பார்த்தது மொத்தம் நான்கைந்து நாள். மிச்சமெல்லாம் தண்ணீர்தான்.

நான் போனது ராபர்ட் சி. சீமன்ஸ் என்ற 134 அடிக் கப்பலில். அமெரிக்காவில் 1971-இல் தொடங்கிய கடல் கல்விச் சங்கத்தின் கப்பல் அது. அதில் மாணவர் என்றால் பயணி இல்லை. முறைவைத்து இரவும் பகலும் வாட்ச் நிற்க வேண்டும், பாய் இழுக்க வேண்டும், சுக்கான் பிடிக்க வேண்டும், பாத்திரமும் தேய்க்க வேண்டும். நடுநிசியில் மெல்லிய வலையை நீர்ப்பரப்பில் இழுத்து, அகப்பட்டதை நுண்ணோக்கியில் வைத்து நூறு உயிர்கள் வரை எண்ணி எது எத்தனை என்று எழுத வேண்டும், கப்பல் ஆடும், தட்டில் இருப்பதும் ஆடும், 63-க்குப் பிறகு கணக்கு விட்டுப்போகும், சரி என்று மறுபடி ஒன்றிலிருந்து. ஒருநாள் வலையில் தண்ணீர்மேல் ஓடும் பூச்சி வந்தது. ஊர்க் குளத்தில் பார்த்த பூச்சியின் சொந்தக்காரன், கரையே தெரியாத நடுக்கடலில்! பவளத்தைவிட எனக்கு அதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதில் பவளம் எங்கே என்று கேட்பீர்கள். பவளத்துக்கு நிறமும் பெரும்பகுதிச் சாப்பாடும் தருவது அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசி என்று உங்களுக்கே தெரியும். கோடையின் உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே அந்தப் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். ஒரு டிகிரி என்பதைப் புத்தகத்தில் நானும் படித்திருந்தேன். கருவியைக் கயிற்றில் இறக்கி ஆழத்துக்கு ஆழம் வெப்பத்தையும் உப்பையும் நாள்தோறும் குறித்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைத்தது. கப்பல் கற்றுத்தருவது தண்ணீரை.

பவளத்தைக் கற்க வேறொன்று வேண்டும், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியின் பீனிக்ஸ் தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-03இல் கடல் சூடேறி அங்கே ஏராளமான பவளம் செத்தது. 2000-இலேயே விஞ்ஞானிகள் முங்கிப் பார்த்துக் கணக்கெடுத்திருந்ததால்தான் எவ்வளவு போனது என்று தெரிந்தது, 2005-இலும் 2009-இலும் திரும்பப் போனதால்தான் மீண்டு வருவதும் தெரிந்தது. நான் படித்து முடித்து வெகுநாள் கழித்து, 2014-இல், சீமன்ஸும் மாணவர்களோடு அங்கே போனது. போக முடியவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

அந்தத் திரும்பப் போகும் வசதி உங்களுக்கு வீட்டு வாசலில் இருக்கிறது. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததில் தேய்ந்துபோன வான் தீவு உங்கள் ஊருக்குப் பக்கம்தான். 2010, 2016 என்று மன்னார் வளைகுடாவிலும் பவளம் வெளுத்திருக்கிறது. அங்கே வேலை செய்யும் ஆய்வு நிலையமும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, போய்க் கேளுங்கள். அப்படியே எந்தப் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே இருக்கிறது, கச்சான் காற்று அடிக்கும்போது தண்ணீர் எப்படி மாறும் என்று மீனவர்களிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி வாங்கி ஒரே திட்டை இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, அப்புறம் உதவித்தொகை கிடைத்தால் கப்பல் ஏறுங்கள். கடன் வாங்கி மட்டும் வேண்டாம், அப்பா யோசிப்பது நியாயம்தான்.

வாந்தி எனக்கும் வந்தது, மூன்று நாள். நான்காம் நாள் இரண்டு தட்டு சோறு தின்றேன். வெளியே நின்று அடிவானத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள், கீழே போய்ப் படுத்துவிடாதீர்கள்.