"நீயும் அந்த ஊரா?" எண்டு கேட்டா என்ன சொல்றது

தம்பி,

உன்ட கேள்வி வந்த நேரம் நான் லீவில மட்டக்களப்பு நாவற்குடாவில நிக்கிறன். இதை எழுதக்குள்ள உங்கட ஊர்ப் பள்ளியில மஃரிப் பாங்கு கேக்குது. உன்ட வீட்டுக்கும் எங்கட வீட்டுக்கும் சைக்கிளில பத்து நிமிசம் வருமா? அவ்வளவுதான். ஆனா நீ என்னைத் தேடிப் பிடிச்சது நியூசிலாந்துக்கு, ஒக்லாந்துக்குப் போன பிறகு.

நீ கேட்டது இது. பராமரிப்பு இல்லத்தில வேலைக்குச் சேந்து நாலு மாசம். சாப்பாட்டு மேசையில ஆரோ 2021இல ஒக்லாந்தில நடந்த நியூ லின் கத்திக்குத்தை இழுத்திருக்காங்க. ஒருத்தர் அது பயங்கரவாதம் எண்டாராம். மற்றவர், தனி ஆள், மூளை சுகமில்லாதவன், அது எப்படிப் பயங்கரவாதம் எண்டாராம். மறுகா எல்லாரும் உன்னைப் பாத்து, "நீயும் ஸ்ரீலங்காதானே, எந்தப் பக்கம்?" எண்டு கேட்டிருக்காங்க. நீ காத்தான்குடி எண்டு சொல்லாம "கொழும்புப் பக்கம்" எண்டுட்டாய். பிழையா எண்டு கேக்கிறாய்.

அதுக்கு முதல் நான் செய்ததைச் சொல்றன், கேள்.

2021 செப்டெம்பர் 3, வெள்ளிக்கிழமை. ஒக்லாந்து முழுக்க லொக்டவுன். சுப்பர்மார்க்கெட்டும் எங்களைப் போல சாமான் ஏத்தி இறக்கிற இடங்களும்தான் திறந்து கிடந்த காலம். ஒருத்தன் நியூ லின்னில ஒரு சுப்பர்மார்க்கெட்டுக்குள்ள இருந்த கத்தியையே எடுத்துச் சனத்தைக் குத்தினான். பின்னால நோட்டம் பாத்துக்கொண்டு வந்த பொலிஸ் கொஞ்ச நேரத்துக்குள்ள அவனைச் சுட்டுக் கொண்டிட்டாங்க. காயப்பட்டவங்க பிழைச்சது பெரிய விசயம். பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் அண்டைக்கே அதைப் பயங்கரவாதத் தாக்குதல் எண்டா. முதலில இலங்கையன் எண்டு மட்டும்தான் தெரியும். அகதி அந்தஸ்து கிடைச்ச ஆள் எண்டபடியால் பேரை வெளியில விடக்கூடாதெண்டு நீதிமன்றத் தடை இருந்தது. தடை எடுபட்டதும் பேரோட ஊரும் வந்திட்டு. பேரை நான் எழுதப்போறதில்லை. ஊர் உன்ட ஊர்.

திங்கக்கிழமை தேத்தண்ணி நேரம் எல்லாரும் இரண்டு மீட்டர் தள்ளித் தள்ளி இருக்கிறம். ஆரும் என்னட்ட ஒண்டும் கேக்கல்ல. நானே வாயைத் திறந்தன்: "அவன் முஸ்லிம், நான் தமிழன். நாங்க வேற, அவங்க வேற." பீஜியில இருந்து வந்த ஒரு அம்மா எங்களோட வேலை செய்தா. அவட பாட்டன் மெட்ராசில இருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறினவர். அவ கேட்டா, "அவன் வீட்டில என்ன பாசை பேசுவான்?" தமிழ் எண்டன். அவ ஒண்டும் சொல்லல்ல, எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினா.

நீ ஊரை மறைச்சாய். நான் ஒரு ஊரையே கழட்டி விட்டன். எது பிழையெண்டு நீயே நிறுத்துப் பார்.

சரி, மேசையில நடந்த வாதத்துக்கு வருவம். இரண்டு பேருமே சட்டத்தைப் பாக்காமத்தான் கதைச்சிருக்காங்க. நியூசிலாந்தில 2002இல வந்த பயங்கரவாத ஒடுக்கச் சட்டம் எத்தனை பேர் சேந்து செய்தாங்க எண்டு கேக்கிறதில்லை. ஏன் செய்தான் எண்டுதான் கேக்கும். அரசியல், மத, இல்லாட்டி ஏதாவது ஒரு கொள்கைக்காகச் செய்தானா, சனத்தைப் பயத்தில ஆழ்த்தவோ அரசாங்கத்தை நெருக்கவோ செய்தானா? தனி ஆள் எண்டது தப்பிற கதவில்லை. 2019 மார்ச் 15 கிறைஸ்ட்சேர்ச்சில இரண்டு பள்ளிவாசலில 51 பேரைக் கொண்டவனும் தனி ஆள்தான். கூட்டாளி ஒருத்தரும் இல்லை எண்டு அதை விசாரிச்ச அரச ஆணைக்குழுவே எழுதியிருக்கு. 51 கொலை, 40 கொலைமுயற்சி, அதோட ஒரு பயங்கரவாதக் குற்றம், எல்லாத்தையும் ஒத்துக்கொண்டான். 2020 ஓகஸ்டில பரோலே இல்லாத ஆயுள்தண்டனை, அந்த நாட்டில அதுதான் முதல் தரம். மறுகா அந்த ஒத்தை ஆளைப் பயங்கரவாதப் பட்டியலிலயும் போட்டாங்க.

இதுக்கு எதிர்ப்பக்கத்தையும் பார். 2023 ஜூலை 20, பெண்கள் உலகக் கிண்ண உதைபந்து தொடங்கின நாள். ஒக்லாந்து நடுவில கட்டட வேலை நடந்த இடத்தில ஒருத்தன் இரண்டு பேரைச் சுட்டுக் கொண்டான். அதுக்குப் பின்னால அரசியல் நோக்கமோ கொள்கையோ தெரியல்ல எண்டு பிரதமர் சொன்னார். அதால அது பயங்கரவாதமாகல்ல. செத்தவங்கட வீட்டுக்காரருக்கு இந்தப் பேர் வித்தியாசத்தால என்ன வரப்போகுது எண்டு நீ கேட்டா, என்னட்ட மறுமொழி இல்லை.

மூளை சுகமில்லை எண்ட கதை. நியூ லின் ஆளின்ட குடும்பமும் அவருக்கு மனநலப் பிரச்சினை இருந்ததெண்டு சொன்னாங்க. இருந்திருக்கலாம். சுகமில்லாதவனுக்குக் கொள்கை இருக்கக்கூடாதெண்டு ஒண்டும் இல்லையே. என்ட கணக்கில அது பயங்கரவாதம்தான், சுத்தி வளைக்க இடமில்லை. ஆனா வெள்ளைத்தோல் எண்டா உடனே வருத்தம், எங்கட தோல் எண்டா உடனே பயங்கரவாதம் எண்டு சனம் சொல்ற ஒரு பழக்கம் இருக்கு. நியூசிலாந்தில அது கிறைஸ்ட்சேர்ச்சோட கொஞ்சம் உடைஞ்சது. அண்டைக்கே பிரதமர் வாயால அந்தச் சொல் வந்தது. அதுக்கு முதல் உளவுக்காரர் அளவுக்கு மிஞ்சி முஸ்லிம்களையே பாத்துக்கொண்டு இருந்தாங்க எண்டும் ஆணைக்குழு சொன்னது.

இன்னொரு விசயம் மேசையில ஆருக்கும் தெரிஞ்சிருக்காது. நியூ லின் ஆளை 2020இலேயே பயங்கரவாதச் சட்டத்தில பிடிக்கப் பாத்தவங்க. மேல்நீதிமன்றம் ஏலாதெண்டிட்டு. திட்டம் போடுறது மட்டும் அந்தச் சட்டத்தில குற்றமாக இருக்கல்ல. சட்டத்தில ஓட்டை இருக்கு, ஆனா அதை அடைக்கிறது பாராளுமன்றத்தின்ட வேலை, நீதிமன்றத்தின்ட வேலை இல்லை எண்டார் நீதிபதி. கடைசியில தடைசெய்த பிரசாரப் பொருள் வச்சிருந்த குற்றத்துக்கு மேற்பார்வைத் தண்டனையோட வெளியில விட்டாங்க. தாக்குதல் நடந்து நாலு கிழமைக்குள்ள, செப்டெம்பர் 30, சட்டத்தைத் திருத்தி ஓட்டையை அடைச்சாங்க. ஆள் செத்திட்டதால ஒரு நீதிமன்றமும் அவனைப் பயங்கரவாதி எண்டு தீர்க்கல்ல. பொலிசுக்கு அவன் பயங்கரவாதி, பிரதமருக்குப் பயங்கரவாதி, தீர்ப்புப் புத்தகத்தில இல்லை.

அந்த நேரம் அங்க பல பேர், இது என்ன மடச் சட்டம் எண்டு கத்தினாங்க. எனக்கு அப்படிக் கத்த வாய் வரல்ல. நாம வளந்தது எந்தச் சட்டத்துக்குக் கீழ? 1979இல வந்த பயங்கரவாதத் தடைச்சட்டம். பேரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" எண்டு கிடக்கு, அந்தத் தற்காலிகம் நாற்பது வருசத்தைத் தாண்டிப் போச்சு. பயங்கரவாதம் எண்டா என்னெண்டு அதில ஒழுங்கான வரைவிலக்கணமே இல்லை, ஆனா வழக்கில்லாம 18 மாசம் வரை உள்ளுக்கு வைக்கலாம் (2022இல 12 மாசமாக்கினாங்க). என்ட வயசுப் பொடியன்கள் அதில போனாங்க. 2019க்குப் பிறகு உன்ட வயசுப் பொடியன்கள் போனாங்க.

1990 ஓகஸ்ட் 3 உங்கட ஊரில தொழுதுகொண்டு நிண்டவங்களைப் புலிகள் சுட்டாங்க, 100 பேருக்கு மேல. நாப்பது நாள் ஆகல்ல, செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டானில இராணுவம் கூட்டிக்கொண்டு போன எங்கட சனம், அதுவும் 100க்கு மேல. முதலாவதுக்கு அரசாங்கம் அந்தச் சொல்லைப் பாவிச்சது. இரண்டாவதுக்கு அந்தச் சொல்லைப் பாவிக்கல்ல. அதால அந்தச் சொல்லை ஆர் சொல்றாங்க எண்டும் நான் பாப்பன். இதைச் சொன்னா எங்கட ஆக்களிலயே சில பேர் என்னோட முகம் குடுத்துக் கதைக்கமாட்டாங்க.

2019 ஈஸ்டரையும் சொல்லாம விட ஏலாது. ஏப்ரல் 21, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில குண்டு. செத்ததில ஞாயிறு வகுப்புக்குப் போன பிள்ளைகள் எத்தனை. அஞ்சு நாளால சாய்ந்தமருதில வீட்டோட வெடிச்சதிலயும் பிள்ளைகள். கிறைஸ்ட்சேர்ச்சுக்குப் பழிவாங்கத்தான் செய்தாங்க எண்டு கொழும்பில ஒரு அமைச்சர் சொன்னார், அப்படி ஒரு தகவலும் தங்களுக்கு வரல்ல எண்டது நியூசிலாந்து. இவ்வளவும் நடக்க முதல், அந்தக் குண்டுக் கூட்டத்துக்குத் தலைவனா இருந்த உங்கட ஊர் ஆளைப் பற்றி முறைப்பாடு குடுத்ததே உங்கட ஊர் ஆக்கள்தான். இதை நீ தெரிஞ்சு வச்சிரு. மேசையில பேச்சு திரும்ப வந்தா இது மட்டும் சொல்லக் காணும்.

இனி நீ என்ன செய்யலாம். ஊரைக் கேட்டா ஊரைச் சொல்லு, அதோட நிப்பாட்டு. "ஆனா நான் அப்படி இல்லை" எண்டு வால் வைக்காதே. அந்த வாலைத்தான் சனம் பிடிக்கும். மன்னிப்பும் கேக்காதே, கிறைஸ்ட்சேர்ச்சுக்காக அந்த மேசையில எந்த வெள்ளைக்காரர் உன்னட்ட மன்னிப்புக் கேட்டார்? ஊரைச் சொல்லித் திரும்பத் திரும்பச் சீண்டினா திகதி போட்டு எழுதி வச்சு மேலாளரிட்டக் குடு. அதுக்கும் அசையாட்டி மனித உரிமை ஆணைக்குழுவுக்கு முறையிடலாம், காசில்லை.

முக்கியமானது இது. ஊர் வாட்ஸ்அப் குழுக்களில வாற வீடியோ எல்லாத்தையும் போனில தானாக இறங்க விடாதே. கிறைஸ்ட்சேர்ச்சில சுட்டவன் தானே எடுத்த வீடியோ அங்க தடை. தெரிஞ்சுகொண்டு வச்சிருந்தா 10 வருசம் வரை, ஆருக்காவது அனுப்பினா 14 வருசம் வரை மறியல். "சும்மா வந்தது, அழிக்க மறந்திட்டன்" எண்டு பொலிசுக்கு விளங்கப்படுத்திற நிலைமை உனக்கு வேண்டாம், அதுவும் விசாவில நிக்கிற ஆளுக்கு. இதை வாசிச்ச கையோட போனைத் திறந்து பார்.

நாளைக்குக் காத்தான்குடிக்குப் போறன். மெயின் ரோட்டுப் பேரீச்ச மரங்களுக்குப் பக்கத்தில நிண்டு உனக்கு ஒரு படம் அனுப்புறன், வேணுமெண்டா அந்த மேசையில காட்டு. உம்மாட்டச் சொல்லி வை, நான் வந்து எட்டிப் பாப்பன். ஏதும் தந்தனுப்பிறதெண்டா கடையில பைக்கற் போட்ட இனிப்பு வகை தரச் சொல்லு, எயார்போட்டில எழுதிக் காட்டிக் கொண்டுவருவன். தேன் மட்டும் வேண்டாம். போன முறை ஆரோ தந்த தேன் போத்தலை எழுத மறந்து 400 டொலர் தண்டம் கட்டினவன் நான்.