மாமாவின் கசெட்டில் அந்தக் குகை இன்னும் இருக்குமா?

கேள்வி: 1985இல் என் மாமா லண்டனில் இருந்து ஸ்பெக்ட்ரம் 48கே கொம்பியூட்டர் ஒன்று கொண்டுவந்தார். அதில் ஒரு விளையாட்டு. நாங்கள் ஆங்கிலத்தில் கட்டளை எழுதுவோம், அது எழுத்திலேயே பதில் சொல்லும். சில இடங்களில் மட்டும் ஒரு படம் மெல்ல மெல்ல நிறம் நிரம்பி வரும். ஒரு குள்ளன் குந்தியிருந்து தங்கத்தைப் பற்றிப் பாடுவான்; நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். போன மாதம் பழைய பெட்டிக்குள் அந்தக் கொம்பியூட்டரும், இரண்டு கசெட்டும், மாமா வழி கீறிய கொப்பியும் கிடைத்தன. ஒரு கசெட்டில் ‘குகை, 3ஆம் நாள்’ என்று எழுதியிருக்கிறது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம். பக்கத்து வீட்டுத் தம்பி, ரவுட்டர் அடப்டர் இதற்குச் சரிவரும் என்கிறார். திரும்ப விளையாடலாமா? என் பிள்ளைகளுக்குத் தமிழில் இப்படி ஒன்று செய்யலாமா? – வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: முதலில் அந்த அடப்டரைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முனை பொருந்தும், அதுதான் ஆபத்து. ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட்; முனையின் நடுவில் மைனஸ், வெளியில் பிளஸ். ரவுட்டர் அடப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பிளஸ். செருகி ஒரு தடவை போட்டாலே உள்ளே சில பாகங்கள் போய்விடும்.

உங்கள் விளையாட்டு எது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. தங்கத்தைப் பாடும் குள்ளன் தோரின். விளையாட்டு ‘த ஹொபிட்’. 1982இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் வெரோனிகா மெக்லரும் பிலிப் மிச்சலும் எழுதியது. நீங்கள் ஒன்றும் எழுதாமல் இருந்தாலும் அதற்குள் நேரம் ஓடும், பாத்திரங்கள் தம்பாட்டில் நடமாடும். அதனால்தான் அவன் கேட்காமலே பாடினான்.

விளையாட்டு கசெட்டில்தான் ஒலியாகப் பதிந்திருக்கிறது. கொம்பியூட்டரைப் பிறகு பார்க்கலாம், கசெட் காத்திருக்காது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் எழுவான்கரை ஈரத்தில் பூஞ்சணம் நிற்காது, மாரி தொடங்கினால் இன்னும் பரவும். இரண்டு கசெட்டையும் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு கிழமை வையுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், நாடா நெளிந்துவிடும். பின் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னத் தகடுகளையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கோட் பொத்தானை அமத்தினாலும் அழியாது.

பூஞ்சணத்தோடு ஓடவிட்டால் அது ரெக்கோடரின் தலையில் (நாடாவைத் தொட்டு வாசிக்கும் பாகம்) அப்பி, அடுத்த கசெட்டுக்கும் போகும். மூக்கை மூடிக்கொண்டு, நாடாச் சுருளின் விளிம்பை உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். நாடா தலையில் படும் இடத்தில் ஒரு சிறு கம்பளித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கசெட்டுகளில் அதன் பசை காய்ந்து விழுந்துவிடும், அது இல்லாவிட்டால் சத்தம் வந்து வந்து போகும். விழுந்திருந்தால், ஸ்குரூ போட்ட வேறொரு கசெட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றுங்கள். ரெக்கோடரின் தலையை 99 வீத ஐசோப்ரோபைல் அல்கஹோலால் துடைத்து, கசெட்டை ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள்.

இனிப் பதிவு. ரெக்கோடரின் இயர்போன் துளையில் இருந்து வயர் எடுத்து, லைன்-இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு வழியாக மடிக்கணினிக்குக் கொடுங்கள். மடிக்கணினியின் ஒற்றைத் துளை மைக்குக்கானது. அதில் நேரே செருகினால் சத்தம் கிழியும். ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44,100 ஹேர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ, வேவ் கோப்பு. சத்த அளவு உச்சத்தில் மைனஸ் 6 டெசிபல் அளவில் நிற்கட்டும். ரெக்கோடரில் டொல்பி என்ற இரைச்சல் குறைக்கும் வசதி இருந்தால் நிறுத்துங்கள். மென்பொருளிலும் இரைச்சல் நீக்கும் வசதி எதையும் தொடவே வேண்டாம், அது இரைச்சலோடு தரவையும் தின்றுவிடும். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரருக்கு அனுப்புவதென்றால் வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள்.

காதால் கேட்டே பாதி தெரிந்துவிடும். ஐந்து செக்கன் ஒரே சீரான ஊளை, ஒரு சின்னக் கரகரப்பு, திரும்ப இரண்டு செக்கன் ஊளை, பிறகு நீண்ட கரகரப்பு. அது மந்தமாக, கம்பளிக்குள் இருந்து வருவதுபோலக் கேட்டால் தலை சரிந்திருக்கிறது. தலைக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சின்ன ஸ்குரூவை, கசெட் ஓடும்போதே, கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பி, ஒலி ஆகக் கூர்மையாகும் இடத்தில் விடுங்கள். ஸ்டீரியோப் பதிவின் இடது, வலது ஒலிகளை ஒன்றாகக் கலக்காமல் தெளிவான ஒன்றை மட்டும் எடுங்கள். தலை துளி சரிந்திருந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிவிடும்.

ஃபியூஸ் என்பது மடிக்கணினியை ஸ்பெக்ட்ரம்போல நடக்க வைக்கும் இலவச மென்பொருள் (எமுலேட்டர்). அதன் துணைக்கருவிகளில் ‘ஓடியோ டு டேப்’ என்று ஒன்று உண்டு. அது வேவ் கோப்பை டேப் கோப்பாக மாற்றித் தரும். எமுலேட்டரில் அதைத் திறந்து, ஜே விசையை அமத்தி, கொன்ட்ரோலோடு பீ விசையை இரண்டு தரம் அமத்தி, என்டர். திரையின் ஓரத்தில் சிவப்பும் இளநீலமும் கோடு கோடாக ஓடினால் ஊளையைப் பிடித்துவிட்டது. மஞ்சளும் நீலமும் ஓடினால் தரவு வருகிறது. ‘டேப் லோடிங் எரர்’ என்று நின்றால் ஸ்குரூவுக்குத் திரும்பிப் போய் மறுபடி பதியுங்கள்.

‘குகை, 3ஆம் நாள்’ கசெட்டில் விளையாட்டு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அன்றைக்கு நிறுத்திய இடத்தை மாமா சேமித்து வைத்ததாகத்தான் இருக்கும். தனியே ஓடாது. மற்றக் கசெட்டை ஏற்றி, விளையாட்டுக்குள் போய், லோட் கட்டளை கொடுத்து இதை ஓடவிடுங்கள். சரிவந்தால் மாமா விட்டுப்போன குகையிலேயே நிற்பீர்கள். அதற்கு முன் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். இந்த விளையாட்டுகளில் வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் பழைய இடத்துக்கே வருவோம் என்று நிச்சயமில்லை. மாமாவின் அம்புக்குறிகளை நம்புங்கள்.

கொம்பியூட்டருக்கு 9 வோல்ட், 1.4 அம்பியர், நடு மைனஸ் அடப்டர் வேண்டும். மேல் மூடியை இழுத்துத் திறக்க வேண்டாம். விசைப்பலகையின் பட்டை வயர் இந்த வயதில் அப்பளம்போல நொறுங்கும். புதியது வாங்கலாம். ரீவியில் யூஎச்எஃப் 36ஆம் சனலைத் தேடுங்கள்.

தமிழில் ஒன்று? தாராளமாக. பைதன் என்ற நிரல்மொழி தெரிந்த, உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருவருக்கு இரண்டு கிழமை வேலை. ஆங்கிலத்தில் வினை முதலில் வரும், நமக்குக் கடைசியில்: ‘விளக்கை எடு’. அடுத்தது வேற்றுமை உருபு. விளக்கு, விளக்கை, விளக்கால் மூன்றும் ஒரே பொருள் என்று நிரலுக்குத் தெரிய வேண்டும். 1983இல் வந்த ‘த குயில்’ என்ற விளையாட்டு உருவாக்கும் கருவி, நினைவகம் போதாமல், ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்தை மட்டுமே பார்த்தது. அந்தச் சிக்கனம் தமிழுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கணினிக்கு ‘கு’ என்பது ‘க’வும் அதன் பின் ஒரு குறியும்தான். அதனால் ‘விளக்க’ என்ற முன்பகுதியை மட்டும் ஒப்பிட்டால் உருபு எதுவானாலும் கவலையில்லை. ‘கதவைத் திற’ என்பதில் வரும் ஒற்றும் தானாக உதிரும். பிள்ளைகள் ‘எடுங்க’ என்றாலும், நம் ஊர்ப் பேச்சில் ‘எடுகா’ என்றாலும் ‘எடு’ போதும். ‘மரம்’ என்ற சொல்லுக்கு ‘மர’, ‘வீடு’ என்ற சொல்லுக்கு ‘வீட’.

இரண்டு இடத்தில் சறுக்கும். கதையில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தை வைத்தால் அதன் முன்பகுதி ‘பால’. அதே கதையில் குடிக்கப் பால் வைக்காதீர்கள். ‘போடு’ என்று அடித்தால் நிரல் ‘போ’ என்று எடுத்துக்கொண்டு ஆளை வாவிக்குள் நடத்திவிடும். நீளமான சொல்லை முதலில் ஒப்பிடச் சொல்லுங்கள், நின்றுவிடும்.