அவன் மீட்டிங்கில் இருக்கிறான்

கேள்வி: எனக்கு 34 வயது. பி.காம். படித்துவிட்டு, அமெரிக்க மருத்துவமனைகளுக்கு பில்லிங் செய்துகொடுக்கும் சென்னை நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். எட்டு மாதத்துக்கு முன் ஆள்குறைப்பில் என்னையும் அனுப்பிவிட்டார்கள். வாடகை கட்ட வழியில்லாமல் ஸ்ரீரங்கத்தில் பெற்றோரிடம் வந்துவிட்டேன். இங்கே எந்தத் தெருவுக்குப் போனாலும் ஓய்வு பெற்றவர்கள்தான். கோயில், மருந்துக்கடை, மெஸ் தவிர இந்த ஊரில் என்ன இருக்கிறது? நூற்றுக்கு மேல் விண்ணப்பம் அனுப்பினேன். இரண்டு பதில் வந்தது. அப்பா ரயில்வேயில் இருந்தவர், வயது 71. முழங்கால் வலி என்று காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை போகும் காலை நடையை நிறுத்திவிட்டார். ஆனால் பிடிவாதக்காரர், மதியம் இரண்டு மணி வெயிலில் தானே போய்த்தான் தயிர் வாங்கி வருவார். (அம்மா நல்ல மனசுக்காரி. யாராவது வீட்டுக்கு வந்தால், 'அவன் மீட்டிங்கில் இருக்கிறான், மெதுவாகப் பேசுங்கள்' என்று சொல்லிவிடுவாள்.) இந்த ஊரில் எனக்கு வேலை கிடைக்குமா, சென்னைக்கே திரும்பிவிடட்டுமா? 60,000 ரூபாய் கட்டினால் பயிற்சியும் வேலை உறுதியும் தருவதாக ஒருவர் சொல்கிறார், சேரலாமா?
– பெயர் வேண்டாம், ஸ்ரீரங்கம்.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சேராதீர்கள். வேலை கொடுப்பவன் சம்பளம் கொடுப்பான். பணம் கேட்கிறவனுக்கு நீங்கள்தான் வருமானம். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் டாட்காம் குமிழி உடைந்தபின் 2001-இல் வந்தது. லேமன் பிரதர்ஸ் திவாலான மறுவருஷம் 2009-இல் கட்டுக்கட்டாக வந்தது. 2020 ஊரடங்கில் வந்தவற்றுக்குக் கணக்கே இல்லை. அப்போதெல்லாம், 'பொறுத்திருங்கள், காலம் திரும்பும்' என்று நானும் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அப்படி எழுதப் போவதில்லை. நீங்கள் செய்துவந்த வேலையில் ஒரு பங்கை இப்போது மென்பொருளே செய்கிறது. மந்தம் விலகினாலும் உங்கள் பழைய நாற்காலி அங்கே காலியாகக் காத்திருக்கும் என்று நான் சொன்னால் அது பொய். உங்கள் வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவுக்குப் பொய் இருக்கிறது.

ஆமாம், அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அந்த வரியைத்தான் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய நான்கு பக்கக் கடிதத்தில் (இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறது) நாட்டின் பொருளாதாரத்துக்கு ஒன்றரைப் பக்கம். இந்த ஒரு வரிக்கு ஓர் அடைப்புக்குறி. அதிலும் 'நல்ல மனசுக்காரி' என்று அம்மாவுக்கு ஒரு நற்சான்று வேறு.

எட்டு மாதமாக இல்லாத மீட்டிங்குக்கு உங்கள் அம்மா வாசலில் காவல் நிற்கிறாள். பால் கொண்டுவருபவரிடம் சொல்லியிருப்பாள். கொலுவுக்கு வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்களிடம் சொல்லியிருப்பாள். ஏகாதசிக்குப் பட்டினி இருக்கிற தலைமுறை அது. அந்த வயதில் ஒருத்தி கூசாமல் பொய் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறாள், நீங்கள் உள்ளே மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அவளாகச் சொன்னாள், நான் சொல்லச் சொல்லவில்லை என்பீர்கள். முதல் தடவை அவள் சொன்னது உங்கள் காதில் விழுந்ததல்லவா? எழுந்து வெளியே வந்து, 'மாமி, மீட்டிங் ஒன்றும் இல்லை, எனக்கு வேலை போய்விட்டது' என்று சொல்ல எத்தனை அடி நடக்க வேண்டும்? அதைச் செய்யாமல் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். பிள்ளையின் மானத்தைக் காப்பது தாய்க்கு இயல்பு. தாயை அந்த நிலைக்குக் கொண்டுபோகாமல் இருப்பது பிள்ளையின் கடமை.

இனி அப்பாவின் முழங்காலுக்கு வருவோம். காலை ஐந்தரை மணிக்குக் குளிர்ந்த காற்றில் அம்மா மண்டபம் வரை நடக்க முடியாத கால், மதியம் இரண்டு மணிக்குக் கொதிக்கிற சாலையில் தயிர்க்கடைவரை போய்வருகிறது. இது என்ன வலி என்று நீங்கள் ஒரு நாளாவது யோசித்தீர்களா? காலையில் படித்துறையில் யார் இருப்பார்கள்? அவரோடு பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர்கள், வங்கியில் இருந்தவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள். ஒருவர் தவறாமல் கேட்பார்: 'பையன் எப்படி இருக்கிறான்? கம்பெனி எப்படிப் போகிறது?' அம்மாவுக்கு வாசற்படியில் ஒரு வரி சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடலாம். அப்பா அந்தப் படித்துறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, நாற்பது வருஷச் சிநேகிதர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவரால் அது முடியவில்லை. மதியம் இரண்டு மணிக்கு உங்கள் தெருவே தூங்கும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு மனிதர் குடையைப் பிடித்துக்கொண்டு தன் சொந்த ஊரில் ஒளிந்து ஒளிந்து நடக்கிறார். நீங்கள் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

இதற்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எல்லாச் சம்பந்தமும் இதில்தான். சென்னையில் வேலை காலியானால் இணையத்தில் போடுவார்கள். உங்கள் ஊர் மாதிரி ஊரில் யாரும் எதையும் எங்கேயும் போடுவதில்லை. அடுக்ககச் சங்கத்தின் கணக்கை எழுதிவந்தவர் மகனோடு பெங்களூர் போய்விட்டார் என்பது காப்பி குடிக்கும்போது தெரியவரும். தில்லை நகரில் ஆடிட்டரிடம் இருந்த பையன் நின்றுவிட்டான் என்பது ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தெரியவரும். புத்தூரில் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டரின் மாமனார், கோயிலில் பெருமாள் சேவை முடிந்து வரும்போது, 'இன்ஷூரன்ஸ் வேலை தெரிந்த ஆள் யாராவது உண்டா?' என்று நான்கு பேரைக் கேட்டிருப்பார். அந்த நான்கு பேரில் இரண்டு பேருக்கு உங்களை நன்றாகத் தெரியும். அவர்கள் ஏன் உங்கள் பெயரைச் சொல்லவில்லை? நீங்கள் மீட்டிங்கில் இருக்கிறீர்கள். நூறு விண்ணப்பத்தை முன்பின் தெரியாத கம்பெனிகளுக்கு அனுப்பினீர்கள். பிறந்த நாள் முதல் உங்களைத் தெரிந்த தெருவுக்கு அனுப்பியது, வேலை தேவையில்லை என்ற ஒரே செய்தி.

என் சொந்தக் கதை ஒன்று. தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது என் தம்பிக்கும் வேலை போயிற்று. அவனுக்கு ஒளிய இடமே இல்லை. சங்கு ஊதவில்லை என்றால் ஊருக்கே தெரியுமே! வெட்கப்பட்டான், ஒரு வாரம் சாப்பிடவில்லை, எல்லாம் நடந்தது. ஆனால் இரண்டாம் மாதம் எதிர்வீட்டுக்காரர் ஒருவர் அவனை நூல் கடைக்குக் கூட்டிப்போய்க் கணக்கு எழுத உட்காரவைத்தார். அந்தச் சம்பளத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அதில்தான் எங்கள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. உங்களைப் போன்றவர்களைக் கணினித் திரையில் கூப்பிட்டுப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். பக்கத்து அறைக்காரனுக்குக்கூடத் தெரிவதில்லை. மறைக்க முடிகிறது என்பதால் மறைக்கிறீர்கள். ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த எதிர்வீட்டுக்காரர் உங்களுக்குக் கிடைக்காமல் போனது அதனால்தான்.

சரி, 'கோயில், மருந்துக்கடை, மெஸ் தவிர என்ன இருக்கிறது' என்று கேட்டீர்கள். ஒன்பது வருஷம் மருத்துவ பில்லோடு மல்லுக்கட்டிய ஆள் கேட்கிற கேள்வியா இது? உங்கள் அப்பா ரயில்வேக்காரர். உடம்புக்கு ஏதாவது என்றால் பொன்மலை ரயில்வே மருத்துவமனை இருக்கிறது. அதனால் மற்ற வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த தெருவில் ஒருவருக்கு இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருப்பார்கள். காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்டும் கேஷ்லெஸ் கிடைக்காமல் கையிலிருந்து கட்டியிருப்பார். டிஸ்சார்ஜ் சுருக்கம் ஒரு பையில், அசல் பில் ஒரு டிரங்குப்பெட்டியில், மருந்துச்சீட்டு பூஜை அறையில் கிடக்கும். காப்பீட்டு நிறுவனம் ஒரு விளக்கம் கேட்டுக் கடிதம் போடும், அது புரியாமல் மேசையில் கிடக்கும், கெடு தாண்டிப்போகும். பிள்ளை நியூ ஜெர்சியிலிருந்து போனில், 'ஏன்ப்பா அனுப்பவில்லை?' என்று கேட்பான். எந்தக் காகிதம் எதற்கு வேண்டும், மறுத்தால் யாருக்கு என்ன எழுத வேண்டும், கம்பெனி கைவிரித்தால் காசு செலவில்லாமல் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் எப்படிப் போவது என்பதெல்லாம் தெரிந்த ஓர் ஆள் அந்தத் தெருவுக்கு வேண்டும். அமெரிக்க விதிகளையே படித்து மனப்பாடம் செய்த உங்களுக்கு உள்ளூர் பாலிசியைப் படிக்க ஒரு மாதம் போதும். கேஷ்லெஸ் வசதி உள்ள மருத்துவமனை எதிலும் இதற்கென்று ஒரு கவுன்ட்டர் இருக்கிறது. முதலில் அங்கே சம்பளத்துக்கு உட்காருங்கள். சென்னையில் வாங்கியதில் பாதிகூட வராது. வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தமாகச் செய்வதைப் பிறகு பார்க்கலாம்.

நவல்பட்டு எல்காட் ஐ.டி. பூங்காவிலும் விசாரியுங்கள். உங்கள் பழைய தொழிலைச் செய்கிற நிறுவனங்கள் திருச்சியிலும் உண்டு. ஆனால் அதை மட்டுமே நம்பி இன்னும் எட்டு மாதம் உட்காராதீர்கள்.

பென்ஷன் ஊருக்கென்று ஒரு பஞ்சாங்கம் உண்டு, அதையும் பாருங்கள். ஏப்ரலில், வட்டியில் வரி பிடிக்காமலிருக்க வங்கிக்குக் கொடுக்கும் படிவம். ஜூலையில் வருமான வரிக் கணக்கு. நவம்பரில் மத்திய அரசு பென்ஷன்தாரர்களுக்கு, உயிரோடு இருக்கிறோம் என்று காட்டும் ஆயுள் சான்றிதழ். இந்த டிஜிட்டல் ஆயுள் சான்றிதழ் 2014-இல் வந்தது. இப்போது முகத்தைப் படம் பிடித்துக் கைப்பேசியிலேயே முடித்துவிடலாம் என்கிறார்கள். கை நடுங்குகிற 80 வயதுக்காரர் அதை எப்படிப் பிடிப்பார்? தபால்காரர் வீட்டுக்கு வந்து செய்துகொடுத்து 70 ரூபாய் வாங்குகிறார். வாங்கட்டும், நியாயமான காசு. நீங்களும் வாங்குங்கள். 'தெரிந்தவர்களிடம் எப்படிக் காசு கேட்பது' என்று இழுக்காதீர்கள். பெற்றவர்களுக்குச் செய்வதற்குக் கூலி கிடையாது. அடுத்தவீட்டுப் பெரியவருக்கு வெளிநாட்டில் மூன்று பிள்ளைகள் இருக்க, அவர்கள் செய்யவேண்டியதை நீங்கள் இலவசமாகச் செய்தால் அதில் தர்மம் எங்கே இருக்கிறது? அந்தப் பிள்ளைகளே பணம் அனுப்பட்டும், கேளுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். இந்த வேலை எதற்கும் அவர்கள் ஆதார் எண்ணை உங்களிடம் சொல்ல வேண்டும், ஓ.டி.பி.யைப் படித்துக் காட்ட வேண்டும், பாஸ்புக்கைத் திறந்து காட்ட வேண்டும். எட்டு மாதம் தெருவை ஏமாற்றியவன் என்று நாளைக்கு வேறொருவர் வாயிலிருந்து தெரிந்தால், ஒரு மாமியும் உங்களிடம் பாஸ்புக்கைத் தரமாட்டாள். நீங்களே போய்ச் சொன்னால் தருவாள்.

வரன் பார்க்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. 34 வயது என்பதால் கேட்கிறேன். ஜாதகம் எங்காவது போயிருந்தால், அதில் 'சென்னையில் பன்னாட்டு நிறுவனம்' என்று இருந்தால், இன்றே திருத்தி அனுப்புங்கள். தெருவிடம் சொன்னதை வெட்கம் என்று மன்னித்துவிடுவார்கள். ஒரு பெண்ணின் வீட்டில் அதைச் சொன்னால் மோசடி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சென்னைக்குத் திரும்புவதா? கையில் வேலை உத்தரவோடு ராக்போர்ட் ரயிலில் ஏறினால் நானே வழியனுப்புவேன். வேலை இல்லாமல் போவதென்றால், இந்த அறையில் சாத்திய கதவை இன்னோர் அறையில் சாத்தப் போகிறீர்கள், அதற்கு வாடகையும் கொடுக்கப் போகிறீர்கள்.

நாளைக் காலை ஐந்தேகாலுக்கு எழுந்திருங்கள். அப்பாவின் செருப்பை வாசலில் எடுத்துவைத்து, 'வாருங்கள், அம்மா மண்டபம் போகலாம்' என்று கூப்பிடுங்கள். முழங்கால் என்பார். 'அவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் அப்பா, நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்' என்று சொல்லுங்கள். படித்துறையில் யார் முதலில், 'கம்பெனி எப்படி?' என்று கேட்கிறாரோ அவரிடமே சொல்லுங்கள். மூன்று வாக்கியம் போதும்: வேலை போய் எட்டு மாதம் ஆகிறது, இத்தனை நாள் சொல்ல வெட்கமாக இருந்தது, மருத்துவ பில் வேலை எனக்குத் தெரியும். அரசாங்கத்தைத் திட்டுவது, அமெரிக்காவைத் திட்டுவது எல்லாம் வேண்டாம். அதை அவர்களே நன்றாகச் செய்வார்கள்.

தயிர் வாங்குவது இனி உங்கள் வேலை. மதியம் இரண்டு மணிக்குப் போகாதீர்கள். மாலை ஆறு மணிக்கு, எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது போங்கள்.