புத்தகத்தை எடுத்தாலே எழுந்துவிடுகிறான்

கேள்வி: நான் பூ கட்டும் வேலை பார்க்கிறேன். மகன் பத்தாம் வகுப்பு. புத்தகத்தை எடுத்தால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறான். மனிதனின் கவனம் இப்போது 8 விநாடிதான், தங்கமீனைவிடக் குறைவு என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இது ஏதாவது நோயா?
- ஒரு வாசகி, தோவாளை

பதில்: சகோதரி, அந்த 8 விநாடிக் கதையை முதலில் விட்டுவிடுங்கள். அதற்குப் பின்னால் ஆய்வு எதுவும் இல்லை. கவனத்துக்கு இத்தனை நிமிடம் என்று நிலையான அளவு கிடையாது. செய்கிற வேலையைப் பொறுத்து அது கூடும், குறையும்.

இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையையே பார்த்துக்கொண்டிருந்த வீரர்கள், நேரம் போகப்போகக் கண்முன் வந்த புள்ளிகளைத் தவறவிட்டார்கள். நார்மன் மேக்வொர்த் என்பவர் இதை ஆராய்ந்து 1948இல் எழுதினார். கடிகார முள் போல ஒன்று விநாடிக்கு ஒரு தாவல் தாவும்; எப்போதாவது இரட்டைத் தாவல் வரும், அதைக் கண்டு சொல்ல வேண்டும். 2 மணி நேரச் சோதனை. அரை மணி நேரத்திலேயே பிடி தளர்ந்துவிட்டது. அவர்கள் வளர்ந்த ஆட்கள், கையில் செல்போனும் கிடையாது. சும்மா பார்த்துக்கொண்டே இருப்பது யாருக்கும் கடினம்தான்.

உங்கள் ஊர் மாணிக்கமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை என்று மடித்து வைக்கும்போது ஒன்று பிசகினால் அந்த வரிசையிலேயே தெரிந்துவிடும். அதனால்தான் மனம் விலகாமல் மணிக்கணக்கில் உட்கார முடிகிறது. உங்கள் மகன் பாடத்தைக் கண்ணால் மட்டும் ஓட்டுகிறான் என்று நினைக்கிறேன். புரிந்ததா இல்லையா என்று அவனுக்கே தெரியாது. அப்புறம் எப்படி உட்காருவான்?

20 நிமிடம் படிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவைத்து, நினைவிருப்பதைத் தாளில் எழுதட்டும். ஐந்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வரட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் போன் வேண்டாம். எடுத்தால் திரும்பி வருவது பெரும்பாடு. படிக்கும்போது போன் வேறு அறையில் இருக்கட்டும், உங்கள் போனும் சேர்த்துத்தான்.

சின்ன வயதிலிருந்தே வீடு, பள்ளி, விளையாட்டு எல்லாவற்றிலும் இப்படித்தான் என்றால் மட்டும் குழந்தைகள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

இன்று மாலை நீங்கள் பூ கட்டும்போது அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, படித்ததைச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. எங்கே தடுமாறுகிறானோ அங்கே திட்டாமல், பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மறுநாள் ஆசிரியரிடம் அவன் கேட்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.