அம்மாவைப் பார்த்துக்கொள்ள அண்ணன் தம்பியிடம் பணம் கேட்பது தப்பா?

கேள்வி: எனக்கு 52 வயது, ராஜபாளையம். அப்பா ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆறு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். அம்மாவுக்கு 79. எட்டு மாதத்துக்கு முன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறார். வாக்கர் பிடித்து நாலு எட்டு வைப்பார், ராத்திரி மூன்று தடவை எழுப்புவார். வீட்டிலேயே தைத்துக் கொடுத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தேன், இப்போது அதில் பாதிகூட முடியவில்லை. அண்ணன் சென்னையில், தம்பி பெங்களூரில். அம்மாவின் பென்ஷன் ஏடிஎம் கார்டு அப்பா போனதிலிருந்து அண்ணனிடம் இருக்கிறது. தம்பி ஞாபகம் வந்தால் மூவாயிரம் அனுப்புவான். அம்மா பெயரில் இதே ஊரில் ஒரு வீடு இருக்கிறது, இப்போது பூட்டிக் கிடக்கிறது. அதை எழுதிக் கொடுத்தால் அம்மாவை நான் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் அண்ணன். மாதம் ஒருவர் வீடு என்று முறை போடலாம் என்கிறான் தம்பி. அம்மா "என்னால நீங்க சண்டை போட்டுக்காதீங்க" என்று அழுகிறார். பெற்ற தாயைப் பார்க்கக் கணக்குக் கேட்பது தப்பா? வீட்டை எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: தப்பே இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் வீடு, பென்ஷன் எல்லாவற்றையும்விட இந்த ஒரு கேள்விதான் உங்களை அரித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. வயதானவர்கள் இருக்கும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் பல வருடமாக என் வேலை. அண்ணன் தம்பி அக்கா தங்கை பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளில் நான் அதிகம் பார்த்தது, ஒருவர் எல்லாவற்றையும் வாய் திறக்காமல் இழுத்துப் போட்டுச் செய்து, ஐந்தாறு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டிலோ துக்க வீட்டிலோ மொத்தமாகக் கொட்டிவிடுவதைத்தான். அதற்குள் அம்மாவும் போயிருப்பார், சரிசெய்யவும் வழி இருக்காது. என் மாமியாரை ஆறு வருடம் பார்த்தபோது நானும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை; கொழுந்தனார் வீட்டில் கேட்டிருந்தால் செய்திருப்பார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால் கேளுங்கள், இப்போதே கேளுங்கள், ஆனால் கையில் கணக்கோடு கேளுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிப் பத்து நாளைக்கு எழுதுங்கள். செலவு மட்டும் எழுதினால் போதாது, வேலையையும் எழுதுங்கள். ராத்திரி பன்னிரண்டரைக்கு எழுப்பினார், இருபது நிமிடம். மூன்று மணிக்கு எழுப்பினார், துணி மாற்றினேன், நாற்பது நிமிடம். காலையில் குளிக்கவைக்க ஒரு மணி நேரம். மாத்திரை, டயப்பர், பால், டாக்டரிடம் போகும் ஆட்டோ, கூடிப்போன கரண்ட் பில், அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட்ட தையல் ஆர்டர்கள். இந்தக் கடைசிச் செலவைப் பெண்கள் யாருமே எழுதுவதில்லை. தூரத்தில் இருப்பவர்கள் மனதில் "சாப்பாடு போட்டு மாத்திரை கொடுக்கிறா, அவ்வளவுதானே" என்ற படம்தான் இருக்கும். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், அவர்கள் பார்த்ததே இல்லை. ஒரு வீட்டில் இப்படித்தான், அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று தம்பி பன்னிரண்டு நாள் வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டார். திரும்பிப் போன வாரமே பகலுக்கு ஒரு ஆள் போடச் சொல்லிப் பணம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார், யாரும் கேட்கவில்லை.

நோட்டு தயாரானதும் இருவரையும் ஊருக்கு வரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் இந்தப் பேச்சு வேண்டாம், எழுத்தில் வரும் ஒவ்வொரு வரியும் குத்துவதுபோல்தான் தெரியும். சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் ராஜபாளையத்தில் இறங்கிவிடலாம், முடியாத காரியம் ஒன்றும் இல்லை. மதினி, தம்பி மனைவி, உங்கள் வீட்டுக்காரர் மூவரும் கட்டாயம் இருக்க வேண்டும், நாளைக்கு உடம்பு துடைத்து விடப்போவது அவர்கள் கையாகவும் இருக்கலாம். தாய்மாமா ஒருவர் நிதானமானவராக இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். பழைய கதை எதையும் எடுக்காதீர்கள். யாருக்கு எவ்வளவு நகை போட்டார்கள், யார் படிப்புக்கு அப்பா கடன் வாங்கினார் என்று ஆரம்பித்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.

முதலில் பென்ஷன். அது அம்மாவின் பணம், அம்மாவுக்குத்தான் முதலில் செலவாக வேண்டும். அண்ணன் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறார் என்று நீங்களும் எழுதவில்லை, நானும் நினைக்கவில்லை. பாங்கிலேயே சேர்த்து வைத்திருக்கலாம். "அண்ணே, மருந்துக்கு அடிக்கடி பணம் தேவைப்படுது, அம்மா கார்டு அம்மாகிட்டயே இருக்கட்டும், பாஸ்புக்கை மாசாமாசம் போட்டோ எடுத்து உங்க ரெண்டு பேருக்கும் அனுப்பிடறேன்" என்று சொல்லுங்கள். அனுப்பவும் செய்யுங்கள், நாளைக்கு உங்கள்மேல் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. கார்டைக் கொடுக்க அவர் தயங்கினால், கணக்கு அம்மா பெயரில் இருப்பதால் பழைய கார்டை நிறுத்திப் புதிது கேட்டு அம்மாவே பாங்கில் எழுதிக் கொடுக்கலாம். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது, மேனேஜரிடம் கேளுங்கள். பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடம் ஒருமுறை காட்டும் நேர்காணலுக்கும் அம்மாவைக் கருவூலத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. தபால்காரர் வீட்டுக்கு வந்து சிறிய கட்டணத்தில் விரல் ரேகை பதிந்து உயிர்வாழ் சான்று எடுத்துக் கொடுப்பார். குடும்ப ஓய்வூதியர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது என்றும் தேடுங்கள். இன்னொன்று, அடுத்த வருடம் அம்மாவுக்கு 80 ஆகிறது. அப்போது குடும்ப ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும், பிறந்த தேதிக்கான ஆதாரம் கருவூலப் பதிவில் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவைப்பது நல்லது. இந்த அலுவலக வேலை முழுவதையும் அண்ணனிடமே ஒப்படைக்கலாம். சென்னையில் உட்கார்ந்தபடி செய்யக்கூடியதுதான், அவருக்கும் தான் அம்மாவுக்குச் செய்கிறோம் என்ற நிறைவு இருக்கும்.

பென்ஷன் போக மீதி வரும் செலவை இரண்டு பேரும் மாதம் இன்ன தேதிக்கு இவ்வளவு என்று பேசி, பாங்கில் தானாகப் போகும்படி போட்டுவிடட்டும். நீங்கள் உழைப்பாகக் கொடுக்கிறீர்கள், அவர்கள் பணமாகக் கொடுக்கட்டும். கூடவே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒருவர் வந்து பத்து நாள் தங்கி முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும், அந்தப் பத்து நாளும் நீங்கள் ராத்திரி எழுந்திருக்கக் கூடாது. பணத்தைவிட இதைத்தான் நான் வற்புறுத்துவேன். எட்டு மாதமாகத் தொடர்ந்து தூங்காத 52 வயதுப் பெண்ணின் உடம்பு என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை.

தம்பி சொல்லும் முறை போடுதல் பல வீடுகளில் ஓடுகிறது, நடமாட்டம் உள்ளவர்களுக்குச் சரிதான். உங்கள் அம்மாவுக்கு இப்போது வேண்டாம். இடுப்பு எலும்பு முறிந்தவருக்குக் கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு எத்தனை அடி, எந்த இடத்தில் பிடி இருக்கிறது என்பது பழகியிருக்க வேண்டும். மாதாமாதம் புது வீடு, புதுத் தரை, அரை இருட்டில் புது வாசல்படி என்றால் இன்னொரு தடவை விழுவதற்கு நாமே வழி செய்து கொடுத்த மாதிரி. அம்மா ஒரு இடத்தில் இருக்கட்டும், பிள்ளைகள் முறை போட்டு வரட்டும்.

ராத்திரி மூன்று தடவை எழுப்புகிறார் என்பதற்கு டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ சிறுநீர் பிரியும் மாத்திரை இருந்தால் அதைக் காலையில் கொடுக்கலாமா என்று கேளுங்கள், நீங்களாக நேரம் மாற்றாதீர்கள். சிறுநீரில் கிருமித் தொற்று, சர்க்கரை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டில் பக்கத்திலேயே ஒரு கம்மோடு நாற்காலி, காலடியில் சின்ன விளக்கு, சுவரில் ஸ்டீல் கைப்பிடி. எலும்பு பலத்துக்கு மருந்து தேவையா, கண்ணில் புரை இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள், ஆபரேஷன் முடிந்ததும் இவை அப்படியே விட்டுப்போவதைப் பார்க்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுப்பதும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், காசு கிடையாது.

சரி, வீடு. இப்போது எழுதிக் கொடுக்க வேண்டாம். அண்ணன் நல்லவரா இல்லையா என்ற கேள்வியே இதில் வேண்டாம். உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரம் பதிவானதும் வீடு கைமாறிவிடும், அம்மா மனது மாறினாலும் தானே போய் ரத்து செய்துவிட முடியாது. உயில் அப்படியில்லை, அம்மா இருக்கும் வரை வீடு அம்மாவுடையதுதான், எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பிள்ளைகளில் யாருக்காவது அதிகம் கொடுக்க அம்மா விரும்பினால் உயிலில் எழுதட்டும். எதுவும் எழுதாமல் விட்டால் உங்கள் மூவருக்கும் சமபங்கு, கல்யாணம் ஆன மகள் என்பதால் உங்களுக்குக் குறையாது.

எழுதித்தான் ஆக வேண்டும் என்று அம்மாவே முடிவு செய்தால், அம்மாவுக்குச் சாப்பாடு, மருத்துவம், இருக்க இடம் எல்லாம் கொடுத்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும், ஆயுள் முழுக்க அந்த வீட்டில் இருக்கும் உரிமையும் பத்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவு, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க வழி தருகிறது. நிபந்தனை இருந்ததைக் காட்ட முடியாவிட்டால் அந்தப் பிரிவு கைகொடுக்காது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியவர்களைக் காக்க வந்த சட்டம் என்பதால் தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும், சொத்தைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லவும் இந்தச் சட்டத்தின்படி மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. ஆனாலும் வாய்ப்பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு 80 வயதில் அலைய வேண்டுமா? அம்மாவுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள், கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் நிலையை இழந்தால் சட்டப்படி அந்தப் பவர் முடிந்துபோகும். மறதி நோய் வந்த பிறகு உதவும் என்று நினைத்து எழுதிவைத்த பவர், அப்போதுதான் பயன்படாமல் போகும்.

அதே சட்டத்தில் பராமரிப்புத் தொகை கேட்டு அம்மா கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும், வக்கீல் தேவையில்லை. மகனுக்கு இருக்கும் கடமை மகளுக்கும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் வீட்டு நிலைமை அந்த அளவுக்குப் போகவில்லை. அண்ணன் பார்க்கிறேன் என்கிறார், தம்பி முறை போடலாம் என்கிறான், இரண்டு பேரும் கை கழுவவில்லை. மனுவைப் பற்றி இப்போது வீட்டில் பேசவே பேசாதீர்கள். சந்தேகம் இருந்தால் முதியோர் உதவி எண் 14567-ல் நீங்கள் மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் அண்ணன் என்ன சொல்கிறார், தம்பி என்ன சொல்கிறான் என்று இருக்கிறது, அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று இல்லை. சண்டை வேண்டாம் என்பது அவர் பயம், ஆசை வேறாக இருக்கும். யாரும் இல்லாத நேரத்தில், தலை வாரிவிடும்போது கேளுங்கள், எங்கேம்மா இருக்கணும்னு தோணுது என்று. பூட்டிக் கிடக்கும் தன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னாலும் சொல்வார், நான் கேட்டவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். அப்படியானால் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையையும் பென்ஷனையும் சேர்த்துப் பகலுக்கு ஒரு ஆள் போட்டு, ராத்திரி நீங்கள் போய்ப் படுத்துக்கொள்ள முடியுமா என்று யோசிக்கலாம். இங்கேயே இருக்கிறேன் என்றால் முழு வீட்டையும் வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தை அம்மா கணக்கில் போடலாம். இரண்டில் எதுவானாலும் வீடு அம்மா பெயரிலேயே இருக்கும், பூட்டியும் கிடக்காது. அண்ணனும் தம்பியும் வந்து உட்காரும்போது இந்தப் பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம், அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். இன்றைக்கு ராத்திரி அவர் எழுப்பும்போது மணி பார்த்து நோட்டில் முதல் வரியை எழுதிவிடுங்கள்.