ஒத்திருக்க வேண்டியது படமா, ஆட்டமா?

கேள்வி: தமுக்கம் பொருட்காட்சியில் டோக்கன் போட்டு ஆடிய வீடியோ கேம்களையும், அவை வீட்டு டிவிக்குக் கேசட்டாக வந்த பதிப்புகளையும் நானும் நண்பர்களும் ஒப்பிட்டோம். இரண்டின் திரைக்காட்சிகளையும் அருகருகே வைத்து மதிப்பெண் போட்டதில், நிறமும் வடிவமும் ஒத்துப்போகாத அட்டாரி ‘பேக்-மேன்’ கடைசியிலும், அச்சு அசலாக இருந்த ‘டாங்கி காங்’ கேசட் முதலிடத்திலும் வந்தன. பொருட்காட்சியில் தடுமாறிய நான் வீட்டில் அதை எளிதாக ஆடினேன். அசலைவிடச் சிறந்த பதிப்பு என்பதுதானே காரணம்?
– வாசகர், திருமங்கலம்

பதில்: கடைசி இடத்தைப் பற்றி எனக்கு மறுப்பில்லை, அதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தைத்தான் ஏற்க இயலவில்லை. முதலிடத்தையோ காரணத்தோடு சேர்த்தே மறுக்கிறேன்.

வீட்டு டிவியில் இணைத்து ஆடும் அட்டாரி 2600 பெட்டியின் நினைவகம் மொத்தமே 128 பைட். அந்த நெருக்கடிக்குள்தான் 1980இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வந்தது. 1982இல் ‘பேக்-மேன்’ வந்தது. இரண்டுக்கும் 4 கிலோபைட் கேசட்தான். ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸின்’ மூலமான, டைட்டோ நிறுவனத்தின் 1978ஆம் ஆண்டு இயந்திரத்தில் 55 வேற்றுக்கிரகவாசிகள் அணிவகுத்தனர். அட்டாரியில் 36 பேர்தான். உங்கள் முறைப்படி இதுவும் தோற்றிருக்க வேண்டும். ஆனால் அந்த ஆட்டத்தின் உயிர் தலை எண்ணிக்கையில் இல்லை. மூல இயந்திரம், திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஒரே ஓர் உருவத்தைத்தான் நகர்த்தும். ஆகவே 55 பேரும் இருக்கையில் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு விநாடி பிடிக்கும், ஆட்கள் குறையக் குறையச் சுற்று சுருங்கி, எஞ்சிய கடைசி ஆள் தலைதெறிக்க ஓடுவான். இயந்திரத்தின் மந்தத்தால் தானாக நேர்ந்த இந்த வேகமாற்றத்தை, வடிவமைத்த தொமொஹிரோ நிஷிகாடோ பிடித்துப்போய் அப்படியே விட்டுவைத்தார். அட்டாரிக்கு எழுதிய ரிக் மாரர் 19 பேரை விட்டுக்கொடுத்தார். அந்தப் பதற்றத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

‘பேக்-மேனில்’ நடந்தது இதற்கு நேர்மாறு. நாம்கோ நிறுவனத்தின் 1980ஆம் ஆண்டு மூலத்தில் நான்கு பேய்களுக்கும் நான்கு நிறம், நான்கு குணம்: சிவப்பு நேராகத் துரத்தும், இளஞ்சிவப்பு நாம் போகும் திசையில் முன்கூட்டியே சென்று மறிக்கப் பார்க்கும். எந்த நிறம் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் ஆடுபவர் வழியைத் தீர்மானிக்கிறார். அட்டாரியிலோ அதற்கு எழுதிய டாட் ஃப்ரை நான்கு பேய்களையும் ஒரே நேரத்தில் வரைய வழியின்றி, ஒரு முறைக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வரைந்தார். ஒவ்வொன்றும் விநாடிக்கு 15 முறைதான் திரைக்கு வந்ததால் அவை மினுக்கின, நிறத்தால் பிரித்தறியவும் இயலவில்லை. பக்கவாட்டுச் சுரங்கவழி மேலும் கீழுமாக மாறியதையோ, புள்ளிகள் கோடுகளானதையோ நான் மன்னித்துவிடுவேன். பேய்களின் குணத்தைப் படிக்க முடியாமற்போனதே அந்தப் பதிப்பு தோற்றதற்குக் காரணம். பெட்டியின் மீது மட்டும் பழியைப் போடவும் முடியாது: அதே பெட்டிக்கு, இருமடங்கு கொள்ளளவுள்ள கேசட்டில் பிறகு வந்த ‘மிஸ் பேக்-மேன்’ எவ்வளவோ தேறியது.

இனி உங்கள் முதலிடம். 1981இல் வந்த மூல ‘டாங்கி காங்’ நான்கு கட்டங்கள் கொண்டது. நின்டெண்டோ தன் சொந்த ஃபேமிகாம் பெட்டிக்கு 1983இல் கொண்டுவந்த பதிப்பில், பொருள்கள் நகரும் பட்டைகளின் மீது ஓட வேண்டிய இரண்டாம் கட்டம் அறவே இல்லை. உங்கள் படங்களில் முதல் கட்டம் மட்டுமே இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். மேலும், நெட்டுவாக்கில் நிறுத்திய திரைக்காக வரைந்த காட்சியை அகலமான டிவிக்குள் அமுக்கியபோது, குரங்குக்கும் நமக்கும் இடையிலான உயரமும் குறைந்தது.

‘எளிதாக ஆடினேன்’ என்றீர்களே, அதற்கான விடை கேசட்டைவிட நம் டிவியில்தான் அதிகம் இருக்கிறது. ஃபேமிகாம் ஆட்டங்கள் ஜப்பானிய டிவியின் விநாடிக்கு 60 முறை புதுப்பிப்பைக் கணக்கிட்டு எழுதப்பட்டவை. அன்றைய நம் நாட்டு டிவி 50 முறைதான் புதுப்பித்தது. டவுன்ஹால் ரோட்டிலோ வேறெங்கோ நம்மவர்கள் வாங்கிய ஃபேமிகாம் நகல் பெட்டிகள் நம் டிவிக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் ஓர் அடி என்று நகரும் ஆட்டம் அவற்றில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தே ஓடும். பீப்பாய் மெதுவாக உருளும். ஆட்டத்துக்குள் குறையும் நேரமும் அதே விகிதத்தில் மெதுவாகக் குறையும். உங்கள் கண்ணும் கட்டைவிரலும் மட்டும் பழைய வேகத்தில் இருக்கும். இது பதிப்பின் சிறப்பன்று, உங்களுக்குக் கிடைத்த சலுகை.

கைப்பிடியையும் உங்கள் மதிப்பெண் கணக்கில் காணோம். 1991இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆறு பொத்தான்களுக்கு அமைக்கப்பட்ட ஆட்டம். மெகா டிரைவ் என்ற வீட்டுப் பெட்டியின் மூன்று பொத்தான் கைப்பிடியில் குத்துக்கும் உதைக்கும் இடையே மாற ஸ்டார்ட் பொத்தானைத் தட்ட வேண்டியிருந்தது. எந்தத் திரைக்காட்சியும் அதைக் காட்டாது. எல்லாமே ஒத்திருக்க வேண்டுமென்றால், பொது இடத்து இயந்திரத்தின் அதே மின்னணுவியலை வீட்டுக்குக் கொண்டுவந்த 1990இன் நியோ ஜியோ பெட்டிதான் உண்டு. அதன் விலை நடுத்தரக் குடும்பங்களை அண்டவிடவில்லை.

நண்பர்களோடு மீண்டும் ஒப்பிடுவதாக இருந்தால் படங்களை எடுத்து வைத்துவிட்டு, இரு பதிப்புகளையும் விநாடிக்கு 60 புதுப்பிப்பில் ஓட்டி, ஒரே ஆள் அடுத்தடுத்து ஆடிப்பாருங்கள். மூலத்தில் பழகிய உத்தி வீட்டுப் பதிப்பில் எந்த இடத்தில் பலிக்காமற் போகிறதோ, அந்த இடத்தில் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.