ஒட்டிக்கொண்டால் மட்டும் போதாது: நோய் எதிர்ப்புப் புரதங்களின் வடிவம் பற்றிய கேள்விகள்

நோய் எதிர்ப்புச் செல்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் சிறு புரதமான சைட்டோகைன், அதைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பி ஆகியவற்றின் அமைப்பைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

பூட்டு, சாவி என்றுதான் பள்ளியில் படித்தோம். அது சரிதானே?

பாதி சரி. பொருந்துவது உண்மை, ஆனால் பொருந்தியதும் எந்தக் கதவும் திறப்பதில்லை. சைட்டோகைன் ஏற்பி என்பது செல்சவ்வைக் குத்திக்கொண்டு நிற்கும் புரதம். சவ்வைக் கடக்கும் பகுதி பெரும்பாலும் ஒரே ஒரு சுருள்தான். வெளியே நடந்ததை அவ்வளவு மெல்லிய தண்டு வழியாக உள்ளே சொல்வது சிரமம். அதனால் சைட்டோகைன் ஓர் ஏற்பியை ஒரு பக்கமும் இன்னொன்றை மறுபக்கமும் பிடித்து இரண்டையும் அருகருகே நிறுத்துகிறது. அவற்றின் உள்வாலில் ஜாக் என்ற நொதிகள் தொங்குகின்றன. அவை எட்டித் தொடும் தூரத்துக்கு வந்ததும் ஒன்றின்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கின்றன. செய்தி கிளம்புவது அங்கேதான். சாவியைவிடத் தரகர் என்பது பொருத்தமான பெயர்.

அப்படியானால் ஒரே வடிவமுள்ள இரண்டு புரதங்கள் ஒரே வேலையைத்தானே செய்ய வேண்டும்?

செய்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்த உதாரணமே இதுதான். இன்டர்லூகின்-1 பீட்டா என்ற சைட்டோகைன் காய்ச்சலையும் அழற்சியையும் கிளப்பிவிடும். அதன் எதிராளியான ஐஎல்-1ஆர்ஏவும் நம் உடலே செய்வதுதான். இரண்டையும் மடித்து வைத்திருக்கும் விதம் ஏறக்குறைய ஒன்று. படங்களை மேலே மேலே வைத்தால் பொருந்திப் போகும். இரண்டும் அதே ஏற்பியில் போய் உட்காரும்.

வித்தியாசம் அப்புறம்தான். இன்டர்லூகின்-1 உட்கார்ந்ததும், துணைப் புரதம் ஒன்று பக்கத்தில் வந்து சேர்வதற்கேற்ற முகம் உருவாகிறது. எதிராளி உட்கார்ந்தால் அந்த முகம் அமைவதில்லை, துணை வருவதில்லை. நாற்காலி நிரம்பிவிட்டது, கூட்டம் மட்டும் நடக்கவில்லை! இதையே மருந்தாக்கினார்கள்: முடக்குவாதத்துக்கு 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அனகின்ரா, முன்னால் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஒன்று கூடுதலாக ஒட்டிய ஐஎல்-1ஆர்ஏதான்.

டிஎன்எஃப் மட்டும் ஏன் மூன்று மூன்றாக இருக்கிறது?

டிஎன்எஃப் அழற்சியைத் தூண்டும் இன்னொரு சைட்டோகைன். அதன் மூன்று துண்டுகள் சேர்ந்தால் அவற்றுக்கு இடையில் மூன்று பள்ளங்கள் கிடைக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் ஏற்பி. தனித் துண்டுக்கு அந்தப் பள்ளமே கிடையாது. அவ்வளவுதான்.

பாக்டீரியா நச்சை உடல் எப்படி அடையாளம் காண்கிறது? அதற்கும் வடிவம்தானா?

வடிவம்தான், அதுவும் வால்களை எண்ணிப் பார்க்கிற அளவுக்கு. அந்த நச்சை உணரும் ஏற்பியான டிஎல்ஆர்4 குதிரை லாடம் போல வளைந்திருக்கும். அதன் பக்கவாட்டில் எம்டி-2 என்ற கிண்ணம் போன்ற புரதம். நச்சு என்பது ஈ.கோலை பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இருக்கும் எல்பிஎஸ்; அந்த மூலக்கூறுக்கு ஆறு கொழுப்பு வால்கள். 2009-இல் வெளியான படிக அமைப்பில் பார்த்தால், ஐந்து வால்கள் கிண்ணத்துக்குள் இறங்கியிருக்கின்றன. ஆறாவது மட்டும் உள்ளே போகாமல் விளிம்பில் கிடக்கிறது. வெளியே கிடக்கும் அந்த வாலின் ஓரத்தில்தான் இரண்டாவது டிஎல்ஆர்4 வந்து ஒட்டுகிறது. மறுபடியும் அதே தரகு வேலை.

எல்பிஎஸ்-இன் முன்வடிவமான, நான்கே வால்கள் உள்ள லிப்பிட் IVஏ, மனிதனின் கிண்ணத்தில் நன்றாக உட்கார்ந்துகொண்டு செய்தியைத் தடுக்கிறது. எலியில் அதே பொருள் செய்தியைக் கிளப்புகிறது. எலியில் பார்த்ததை வைத்து மனிதனுக்கும் இப்படித்தான் என்று யாராவது சொன்னால், நான் முதலில் நினைத்துப் பார்ப்பது இதைத்தான்.

ஓர் அமினோ அமிலம் மாறினாலே நோய் வருமா?

வரும். முன்னே சொன்ன ஜாக் குடும்பத்தில் ஒவ்வொரு நொதிக்கும் வேலை செய்யும் பகுதி ஒன்று, அதைக் கட்டுப்படுத்தும் போலிப் பகுதி ஒன்று. ஜாக்2-இன் போலிப் பகுதியில் 617-ஆவது இடத்தில் வேலின் போய் ஃபினைல்அலனின் வந்தால், தரகர் இல்லாமலே இரண்டு நொதிகள் சேர்ந்துகொள்ளும். எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யும். 2005-இல் இது தெரியவந்தது.

புரதத்தின் வடிவத்தைக் கணினியே சொல்லிவிடுகிறதே, இனி ஆய்வகம் எதற்கு?

கணினி சொன்னது உண்மையிலேயே செய்தியை அனுப்புகிறதா என்று பார்க்கத்தான். இன்டர்லூகின்-2 என்ற சைட்டோகைன் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று ஏற்பிகளைப் பிடிக்கும். ஆல்ஃபா பிடிப்பை இறுக்க மட்டுமே உதவுகிறது; செய்தி போவது பீட்டா, காமா வழியாக. கணினியில் புரதங்களை வடிவமைக்கும் விஞ்ஞானி டேவிட் பேக்கரின் குழு 2019-இல் வெளியிட்ட நியோ-2/15 புரதத்தில் பீட்டாவையும் காமாவையும் பிடிக்கும் முகங்களை மட்டும் கணினியில் வடித்து, ஆல்ஃபாவுக்கு இடமே வைக்கவில்லை. செல்களில் போட்டுப் பார்த்தபோது, ஆல்ஃபா இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது செய்தியை அனுப்பியது.